பூச்சிக்கு ரத்தம் இருக்கா?

கேள்வி: கரப்பான் பூச்சிய மிதிச்சா வெள்ளையா ஏதோ வருது, அப்போ அதுக்கு ரத்தமே கிடையாதா?

பதில்: இருக்குங்க, ஆனா நீங்க பாக்குற வெள்ளை பெரும்பாலும் கொழுப்புத் திசு. அதோட ரத்தம் கிட்டத்தட்ட நிறமே இல்லாத திரவம், ஹீமோலிம்ஃப்னு பேரு. நம்ம ரத்தம் சிவப்பா இருக்க காரணம் ஹீமோகுளோபின்ங்கிற இரும்பு கலந்த புரதம், அதுதான் ஆக்சிஜன தூக்கிட்டுப் போகுது, கரப்பானோட ரத்தத்துக்கு அந்த வேலையே இல்ல, உடம்பு பக்கவாட்டுல இருக்குற குட்டிக் குட்டி ஓட்டை வழியா காத்து உள்ள போயி மெல்லிய குழாய்ங்க மூலமா நேரா திசுவுக்கே போய்ச் சேந்துடும்.

நமக்கு இதயத்துலேருந்து போற தமனி, ரொம்ப மெல்லிசான தந்துகி, திரும்பி வர்ற சிரைன்னு ரத்தம் குழாய்க்குள்ளயே சுத்துது. பூச்சிக்கு முதுகுப் பக்கம் நீளமா ஒரே குழாய், அதோட பின்பாகம்தான் இதயம், பின்னாடி இருந்து தலைப்பக்கம் பம்ப் பண்ணி அங்க திறந்து விட்டுடும், உறுப்பெல்லாம் அந்த ரத்தத்துலயே ஊறிக்கிட்டு இருக்கும். முடி இல்லாத, தோல் மெல்லிசான பச்சைப் புழு கிடைச்சா முதுகு நடுவுல உத்துப் பாருங்க, ஒரு கோடு சுருங்கிச் சுருங்கி முன்னாடி ஓடும், அதான் இதயத் துடிப்பு, நான் மொதல்ல பாத்தப்ப கண்ண எடுக்கவே முடியல.

முதுகெலும்பு இல்லாத எல்லா உயிரும் இப்படி இல்ல, ஆக்டோபஸுக்கு நம்மள மாதிரி மூடின குழாய்தான், ஆனா ரத்தத்துல இரும்புக்கு பதிலா செம்பு, அதனால நீல ரத்தம், இதயம் 3, அதுல 2 செவுளுக்கு மட்டுமே.