மீன்காரியும் மீன்காரம்மாவும்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு யூட்யூப் பேட்டியில், டிவி விவாதங்களில் அடிக்கடி தென்படும் ஒருவர் ஒரு பெண் அரசியல்வாதியைப் பற்றி, "வாயைத் திறந்தா மீன்காரி மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார். பேட்டி எடுத்தவரும் சேர்ந்து சிரித்தார். அதற்கு எழுந்த எதிர்ப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் அலுவலகத்திலும் ஒரு மனு சுற்றுகிறது. "படித்த, பண்புள்ள ஒரு பெண்மணியை மீன்காரியோடு ஒப்பிடுவதா?" என்றுதான் அது ஆரம்பிக்கிறது.

என் அம்மா முப்பது வருடமாக மீன் விற்கிறார். என்னைப் படிக்கவைத்தது அந்தக் காசு. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "அந்தம்மாவத் திட்டறதுக்கு எம்பேர எதுக்குடி இழுக்கறான்?" என்று கேட்டுவிட்டு, குழம்பைக் கிளறப் போய்விட்டார். மனுவில் கையெழுத்துப் போடவா வேண்டாமா? நீங்கள் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாததும் எனக்கு வருத்தம்தான்.

எஸ்., முத்தியால்பேட்டை

அன்புள்ள எஸ்.,

எழுதாததற்குக் காரணம் சோம்பல் என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை வேறு. பதினைந்து வருடம் முன்பு ஒரு நகராட்சிக் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது "கூட்டம் மீன் சந்தையாகிவிட்டது" என்று நானே எழுதியிருக்கிறேன். அதற்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. இரண்டு பேர் நடையைப் பாராட்டினார்கள். உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி பழைய கோப்புகளில் தேடி அந்த வரியை எடுத்துப் படித்தேன். அந்தப் பேட்டி கொடுத்தவர் சொன்னதற்கும் நான் எழுதியதற்கும் வித்தியாசம் என்ன? அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், நான் எழுத்துப்பிழை பார்த்துப் போட்டேன்.

எங்கள் மஞ்சக்குப்பத்துத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் கூடை இறங்கும்போது "வாங்க மீன்காரம்மா". கையில் காசில்லாத நாளில் "மீன்காரம்மா, நாளைக்குத் தரட்டுமா?" அதே வீட்டில் மகள் குரலை உயர்த்திவிட்டால், "ஏண்டி மீன்காரி மாதிரி கத்தற?" ஒரே தெரு, ஒரே வாய், ஒரு விகுதிதான் வித்தியாசம். கடன் கேட்கும்போது அம்மா, திட்டும்போது காரி.

கத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரைக்காக விடியற்காலையில் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். ஒரு பக்கம் படகு இன்ஜின், இன்னொரு பக்கம் ஐஸ் உடைக்கும் சத்தம், மேலே காக்கைகளும் பருந்துகளும். ஏலம் விடுகிறவர் ஒரு பெட்டி காரப்பொடி மீனுக்கு விலை ஏற்றிக்கொண்டே போகிறார். எதிரே ஒரு அம்மா. அவருக்குப் பின்னால் முந்தானையில் காசை முடிந்துகொண்டு இன்னும் இரண்டு பேர். மூவரும் கூட்டு. தனியாகப் பெட்டி எடுக்க ஒருவரிடமும் முதல் கிடையாது. முன்னால் நிற்பவர் ஒரு விலையைச் சொல்கிறார். ஏலக்காரர் காதில் விழவில்லை. அதற்குள் பக்கத்தில் ஒரு வியாபாரி ஐம்பது ரூபாய் ஏற்றிக் கேட்க, பெட்டி அவருக்குப் போய்விட்டது. பின்னால் இருந்தவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார். அடுத்த பெட்டிக்கு அந்த அம்மா போட்ட குரலில் நான் ஒரு அடி பின்வாங்கினேன். பெட்டி கிடைத்தது. அங்கேயே தரையில் கொட்டி மூன்று கூறு போட்டார்கள். கூறு போடும்போது பேச்சே இல்லை. கண்ணாலேயே சரிபார்த்து, இந்தக் கூறிலிருந்து இரண்டு மீனை அந்தக் கூறுக்கு மாற்றி, முடிந்தது. பிறகு பஸ் பிடித்து ஊருக்குள் வந்தால் மூன்றாவது மாடியில் ஃபேன் சத்தத்திலும் டிவி சத்தத்திலும் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கிற மாதிரி கூவ வேண்டும். வாத்தியாருக்கு சாக்பீஸ் மாதிரி அவர்களுக்குக் குரல். பத்துக்கு மேல் வெயில் ஏறினால் மீனின் கண் வெளுத்துவிடும். அதற்குள் விற்றாக வேண்டும்.

அந்த மனுவை எழுதியவரும் உங்கள் அம்மாவைப் புண்படுத்த நினைத்திருக்க மாட்டார். ஆனால் மீன்காரி என்றால் இழிவு என்ற அந்தப் பேட்டி கொடுத்தவரின் அளவுகோலை அப்படியே கையில் வாங்கிக்கொண்டுதான் அவரோடு சண்டைக்குப் போயிருக்கிறார். அரசியல்வாதி அந்த அளவுக்குக் கீழே இல்லை என்பது மட்டுமே அவருடைய வாதம். நம் ஊர் எதிர்ப்புகளில் இது பழைய சங்கதி. 2005-ல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டிக்காகத் தமிழ்நாடு கொதித்ததே, அப்போது போராட்டக்காரர்கள் கையில் துடைப்பமும் செருப்பும் இருந்தன. கூட்டுகிறவர் கையில் இருப்பதும் தைக்கிறவர் மடியில் இருப்பதும் நமக்கு அவமானச் சின்னங்கள். யாரை இழிவுபடுத்த வேண்டுமென்றாலும் யாருடைய பிழைப்பையாவது எடுத்து ஓங்குகிறோம்.

குஷ்பு விஷயத்தை இங்கே கொண்டுவர இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் யாரையும் திட்டவில்லை, கல்யாணத்துக்கு முந்தைய உறவைப் பற்றி ஒரு கருத்தைச் சொன்னார். அதற்கு 23 புகார்கள். ஐந்து வருடம் இழுத்து, 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. புகார் கொடுத்தவர்களைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று சட்டப்படி சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பில் ஒரு முக்கியமான காரணம். யாருக்கு வலித்தது என்று நீதிமன்றம் கேட்டது, பதில் சொல்ல ஆளில்லை. உங்கள் விஷயத்தில் வலித்த ஆள் இருக்கிறார், அவரிடம்தான் யாரும் கேட்கவில்லை.

எதிர்ப்பு பெரிதாகப் பெரிதாக அடிபட்டவர் சிறிதாகிக்கொண்டே போவது இங்கே மட்டும் நடப்பதல்ல. 2008 அக்டோபரில் பிபிசி வானொலியில் ரஸ்ஸல் பிராண்ட், ஜோனதன் ராஸ் என்ற இரண்டு பிரபலங்கள், ஆண்ட்ரூ சாக்ஸ் என்ற 78 வயது நடிகரின் தொலைபேசியில் அவருடைய பேத்தியைப் பற்றி ஆபாசமாகப் பேசிப் பதிவுசெய்து, அதை ஒலிபரப்பவும் செய்தார்கள். முதலில் வந்த புகார்கள் இரண்டே இரண்டு. ஒரு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை அதை எடுத்துப் போட்டதும் புகார் 42,000-ஐத் தாண்டியது. ஒருவர் விலகினார், இன்னொருவருக்கு 12 வாரம் சம்பளமில்லை, பிபிசிக்கு 1,50,000 பவுண்டு அபராதம். தண்டனையெல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பெண்ணுக்காகக் கொதித்த பத்திரிகைகளே அவருடைய படங்களையும் தேடிப் பிடித்துப் போட்டன.

வழக்குப் போடச் சொல்லியும் உங்கள் அலுவலகத்தில் யாராவது ஆரம்பிப்பார்கள். உங்கள் ஊர்க் கதை ஒன்றை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். 2012 அக்டோபரில் ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபரை விடிகாலையில் வீட்டுக்கு வந்து கைது செய்தார்கள். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது பதினாறு பேர். அதற்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015-ல் ரத்தாகிவிட்டது. மாறாக, 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களைக் கேவலப்படுத்தும் பதிவைப் பகிர்ந்த எஸ்.வி.சேகர் வழக்கில் தண்டனை வர 2024 பிப்ரவரி ஆனது. ஒரு மாதச் சிறை, 15,000 ரூபாய் அபராதம். பதினாறு பேருக்கு எழுதியவர் வீட்டுக்கு விடிவதற்குள் வந்த சட்டம், ஊரறிந்தவரிடம் வந்துசேர ஆறு வருடம் நடந்திருக்கிறது.

மன்னிப்பு? அந்தப் பேட்டி கொடுத்தவர் கேட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். "யார் மனதாவது புண்பட்டிருந்தால்" என்ற வழக்கமான வாக்கியம்தான். 2023 நவம்பரில் த்ரிஷாவைப் பற்றிப் பேசி மன்னிப்புக் கேட்ட மன்சூர் அலிகான், அடுத்த மாதமே த்ரிஷா மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம் போனார். அதனால் மன்னிப்பை நான் பெரிதாக எண்ணுவதில்லை.

கையெழுத்து விஷயம். அந்த முதல் வரியோடு போடாதீர்கள். மனு எழுதியவர் பக்கத்து மேஜைக்காரர்தானே? சத்தம் போடாமல் போய், "எங்க அம்மா மீன் விக்கறவங்க, இந்த வரிய மாத்தணும்" என்று சொல்லுங்கள். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். மாற்றினால் போடுங்கள். "நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்று ஆரம்பித்தால் டீ குடிக்கப் போய்விடுங்கள். அந்தப் பேட்டி எடுத்தவருக்கும் உங்கள் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள், அவரும் சிரித்தார் அல்லவா? எல்லோரும் விருந்தாளியையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் துண்டை வெட்டாமல் போட்டதும், அதையே முகப்புப் படமாக வைத்ததும் அவர்தான். நீங்கள் அனுப்பிய சுட்டியை நான் யாருக்கும் அனுப்பவில்லை, இங்கேயும் தரவில்லை.

என் பழைய வரியை இந்தத் தளத்தில் அழிக்கவில்லை. அழித்தால் நல்லவனாகிவிடுவேன். அதன் கீழே உங்கள் அம்மா கேட்ட கேள்வியைச் சேர்த்திருக்கிறேன், பெயர் போடாமல்.

இப்போது தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, அம்மாவுக்கும் வியாபாரம் மந்தமாகத்தான் இருக்கும். முடிந்ததும் புதுவைப் பக்கம் வருகிறேன். குபேர் அங்காடியிலா, தெருவிலா, எங்கே விற்கிறார் என்று எழுதுங்கள். பேரம் பேசாமல் வாங்குவேன் என்றெல்லாம் சத்தியம் செய்ய மாட்டேன். வஞ்சிரத்தில் அது என்னால் முடியாது.