பெர்த்தில் படகு வாங்கிய தம்பிக்கு

முட்டத்திலிருந்து பெர்த்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, 4 மீட்டர் அலுமினியப் படகு ஒன்றை டிரெய்லரோடு பழசாக வாங்கிவிட்டேன், விற்றவர் வீல் பேரிங்குக்குக் கிரீஸ் அடிச்சாச்சு என்கிறார், அப்படியே மாண்டுராவுக்கு இழுத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. 70 கிலோமீட்டர் சில்லறைத் தூரமில்லை. முதலில் சக்கரத்தைக் கழற்றி, அது உராயாமல் சுழல உதவும் அந்தப் பேரிங்கைப் பாருங்கள்.

நான் குளச்சல்காரன், இங்கே வந்து 16 வருடம். ஊரில் வள்ளத்தை மணலில் ஆள் சேர்ந்து தள்ளித்தான் பழக்கம். இன்ஜினைப் பார்ப்போம், வலையைப் பார்ப்போம். சக்கரத்தை யார் நினைத்தார்? எனக்கும் இதே வாக்கைச் சொல்லித்தான் விற்றார்கள். ஃப்ரீவேயில் பின்னால் வந்தவர் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார். இறங்கிப் பார்த்தால் இடது ஹப்பில், அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுக்குடத்தில், புகை. உள்ளே பேரிங்கின் உருளைகளான ரோலர்கள் கருநீலமாக வெந்து கிடந்தன. வீட்டுக்கு வந்து வலது ஹப்பைத் திறந்தேன். கிரீஸ் பால் சாயா நிறத்தில் இருந்தது. கடல்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

எப்படிப் போகிறது? சூடான பாத்திரத்தை இறுக மூடி ஆறவைத்தால் மூடியை உள்ளே இழுத்துப் பிடிக்குமே, அதேதான். ஓடிவந்த ஹப் சூடாக இருக்கும். அதை நேரே தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பின்பக்கச் சீல் என்கிற அடைப்பு வளையம் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் படகை இறக்கும் சரிவுக்கு, ராம்ப்புக்கு, போனதும் பறக்காதீர்கள். கயிறு கட்டுங்கள், லைஃப் ஜாக்கெட் எடுத்து வையுங்கள், படகுக்கு அடியில் பிளக் போட்டாச்சா என்று பாருங்கள். ஹப்பைத் தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்த பிறகு இறக்கலாம்.

வேலை பெரிதில்லை. ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கிறதா, சுற்றினால் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் மூடி, நட்டு கழன்றுவிடாமல் பிடிக்கும் ஸ்பிலிட் பின், நட்டு எல்லாம் கழற்றி ஹப்பை உருவி, இரண்டு பேரிங்கையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். ரோலரிலோ ஹப்புக்குள் இருக்கும் வளையத்திலோ சின்னக் குழி தெரிந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வளையத்தை விட்டுவிட்டுப் பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. கடையில் ஹோல்டனா ஃபோர்டா என்று கேட்பார்கள். உங்கள் காரைக் கேட்கவில்லை, பேரிங் வகையைத்தான் கேட்கிறார்கள். பழசைக் கையில் கொண்டுபோங்கள், அதிலேயே நம்பர் இருக்கும்.

மரைன் கிரீஸ்தான் வாங்க வேண்டும். பழைய கிரீஸோடு புதுசைக் கலக்காதீர்கள், ஒத்துப்போகாத ரகமாக இருந்தால் இளகி ஓடிவிடும். உள்ளங்கையில் ஒரு குவியல் வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தித் தேயுங்கள், மறுபக்கம் ரோலர் இடுக்கில் கிரீஸ் பிதுங்கி வரும்வரை. சீல் புதுசு, ஸ்பிலிட் பின்னும் புதுசு. நட்டை ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கிப் பின்னைப் போடுங்கள். பலம் காட்டினால் அந்தப் பேரிங்கும் வெந்துபோகும்.

ஸ்பிரிங் மூடி மாட்டி, கிரீஸ் கன்னால் வெளியிலிருந்தே அடிப்பார்களே, உங்களுக்கு விற்றவர் சொன்னது அதுவாகத்தான் இருக்கும். கெடுதல் இல்லை. ஆனால் அளவுக்கு மீறி அடித்தால் பின் சீல் பிதுங்கிவிடும். உள்ளே இருக்கும் துருவும் வெளியே வராது. நான் வருடத்துக்கு ஒருமுறை, ஆடி மாதக் குளிரில் படகு சும்மா கிடக்கும்போது, முழுசாகக் கழற்றிவிடுவேன். கடலிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் சக்கரத்தைக் கழுவுவது தனி.

வீடு கானிங்வேல் பக்கம் என்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை ஜாக்கியும் ஸ்டாண்டும் கொண்டு வருகிறேன். பழைய துணி நிறைய எடுத்து வையுங்கள்.