பாறை ஏறும் கிராலர்: போட்டிக்கு வண்டி கட்டுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

கிராலர் என்பது ரேடியோ ரிமோட்டில் ஓட்டி, பாறை ஏற்றும் சிறிய மாதிரி வண்டி. கீழே உள்ள பதில்கள் 1/10 அளவு ஸ்கேல் கிராலருக்கானவை, அதாவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு: 1.9 அங்குல ரிம், ஏறக்குறைய 313 மி.மீ. வீல்பேஸ் (முன் பின் ஆக்ஸில்களுக்கு இடையே உள்ள தூரம்), முன்னும் பின்னும் பூட்டிய ஆக்ஸில் (இரு பக்கச் சக்கரமும் சேர்ந்தே சுற்றும்). போட்டி என்றால் வேகப் பந்தயம் இல்லை. பாறைகளுக்கு நடுவே இரண்டிரண்டு கம்பங்களாக நட்டிருக்கும் வாசல்களை வரிசையாகக் கடக்க வேண்டும். கம்பத்தைத் தொட்டாலும், வண்டி கவிழ்ந்தாலும், கையால் தூக்கி வைத்தாலும் அபராதப் புள்ளி ஏறும். பொதுவாகக் குறைந்த புள்ளி வாங்கியவருக்கே வெற்றி. எதற்கு எத்தனை புள்ளி என்பது போட்டிக்குப் போட்டி மாறுவதால், அந்தந்த விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே கட்ட ஆரம்பியுங்கள்.

அண்ணா, பெட்டியில் வந்த வண்டியை அப்படியே வைத்திருக்கிறேன். முதலில் மோட்டாரை மாற்றலாமா?

வேண்டாம் தம்பி. பெட்டியோடு வரும் 35 டர்ன் (35 சுற்றுக் கம்பி) மோட்டாருக்குப் பாறை ஏறும் திராணி தாராளமாக உண்டு. அந்தப் பலத்தைத் தரைக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் குறை இருக்கும். முதலில் டயரும் உள்ளே இருக்கும் ஃபோமும், அடுத்து எடையை எங்கே வைப்பது என்பது, மூன்றாவது ஸ்டீயரிங் சர்வோ, அதாவது முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார். இவை மூன்றும் முடிந்த பிறகும் குறை தெரிந்தால் மோட்டாரைப் பற்றிப் பேசலாம். மோட்டாரை முதலில் மாற்றினால், வழுக்குகிற டயர் இன்னும் வேகமாக வழுக்கும், அவ்வளவுதான்.

செங்குத்துப் பாறையில் பாதி ஏறியதும் வண்டி மல்லாந்து விழுகிறது. பின் ஸ்பிரிங்கைக் கடினமாக்கியும் பயனில்லை.

ஸ்பிரிங்கை இப்போதைக்கு விடுங்கள். முதலில் எடை போடுங்கள். முன் சக்கரங்கள் இரண்டையும் சமையலறைத் தராசின் மேல் வைத்து, பின் சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, வண்டியை மட்டமாக நிறுத்த வேண்டும். பேட்டரி, பாடி எல்லாம் மாட்டியிருக்கட்டும். மொத்த எடை 2,600 கிராம் என்றால் முன்பக்கம் 1,560 கிராமாவது காட்ட வேண்டும், அதாவது 60 சதவீதம். பெட்டியிலிருந்து எடுத்த வண்டிகள் பல 50-ஐ ஒட்டியே நிற்கும்.

குறைந்ததைச் சரிக்கட்ட, பேட்டரியைப் பின்னாலிருந்து எடுத்து முன் ஷாக்குகளுக்கு நடுவே, முடிந்த மட்டும் தாழ்வாக வையுங்கள். பெரிய பேட்டரி அங்கே நுழையாது. குட்டை வகை லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) போதும். அடுத்தது முன் ஆக்ஸிலுக்குப் பித்தளை: நக்கிள் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் முனைத் துண்டு), அதற்குப் பின்னே ரிம்முக்குள் வளையம். பித்தளையைச் சேசிஸிலோ பம்பரிலோ மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது எடைதான், ஆனால் தப்பான உயரத்தில் இருக்கும் எடை. ஆக்ஸிலில் மாட்டிய எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் வண்டியைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும்.

எடை சரியாக இருந்தும் மல்லாந்தால் பின் லிங்க்குகளை, அதாவது ஆக்ஸிலைச் சேசிஸோடு இணைக்கும் தண்டுகளைப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது மேல் லிங்க்கும் கீழ் லிங்க்கும் முன்னோக்கிச் சீக்கிரமே ஒன்றையொன்று சந்திக்கிற மாதிரி சாய்ந்திருந்தால் ஆன்டி-ஸ்குவாட் (பின்பக்கம் அமுங்காமல் தடுக்கும் தன்மை) அதிகம் என்று பொருள். த்ராட்டில் கொடுத்ததும் பின்பக்கம் எம்பும், எடையின் மையம் உயரும், வண்டி விழும். மேல் லிங்க்கின் சேசிஸ் முனையை ஒரு துளை மேலே ஏற்றுங்கள். இரண்டு லிங்க்கும் ஓரளவு இணையாகி எம்புதல் குறையும். ஒரேயடியாக இரண்டு மூன்று துளை ஏற்றினால் நேர்மாறாகப் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரம் காற்றில் நிற்கும். அதுவும் மல்லாத்தும்.

சரிவில் குறுக்கே போகும்போது குடை சாய்வதை வீட்டிலேயே அளக்க முடியுமா, சார்?

முடியும். எல்லாச் சோதனையிலும் எனக்கு மிகவும் நம்பிக்கையானது இதுதான். வண்டியை விடப் பெரிய பலகை ஒன்றில் உப்புத்தாளை ஒட்டி, வண்டியைக் குறுக்காக நிறுத்தி, ஒரு விளிம்பை மெல்லத் தூக்குங்கள். கைபேசியில் சாய்வுமானி செயலியைத் திறந்து பலகை மேலேயே வையுங்கள். மேட்டுப்பக்கச் சக்கரம் தாளை விட்டு விலகும் கணத்தில் கோணத்தைக் குறித்துக்கொண்டு, வண்டியைத் திருப்பி வைத்து மறுபக்கமும் பாருங்கள்.

கணக்கு எளிது. சக்கரங்களின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு 240 மி.மீ. என்றால் பாதி 120. சரியாக 45 பாகையில் சாய்ந்தால் எடையின் மையம் தரையிலிருந்து 120 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. 50 பாகை வரை தாங்கினால் மையம் ஏறக்குறைய 100 மி.மீ.-க்கு இறங்கிவிட்டது. 5 பாகை கூட்ட 20 மி.மீ. இறக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள். (சஸ்பென்ஷன் ஒரு பக்கம் அமுங்குவதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் முந்தியே சாயும்.) எனவே கூரைமேல் கேரியர், அதில் கேன், மண்வெட்டி என்று அலங்காரம் வைக்கும் முன் இந்தப் பலகையில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். இப்படி நிஜ வண்டி போலக் காட்டும் ஸ்கேல் பொருட்களுக்குச் சலுகைப் புள்ளி தரும் போட்டி என்றால் பிளாஸ்டிக்கில் லேசானதாக, தாழ்வான இடத்தில் மாட்டுங்கள்.

இடது வலது அளவுகளில் 2 பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேட்டரி நடுவில் இல்லை, அல்லது ஒரு ஷாக் ஒட்டிப் பிடிக்கிறது.

ஃபோம் ஏன் இவ்வளவு முக்கியம்? டயர் நல்லதாக இருந்தால் போதாதா?

மென்மையான ரப்பர் பாறையின் விளிம்பைச் சுற்றி வளைந்தால்தான் பிடிக்கும். பெட்டியோடு வரும் ஒற்றை ஃபோம் பெரும்பாலும் இரண்டு விதமாகக் கெடுக்கும்: மிருதுவாக இருந்தால் சரிவில் டயரின் பக்கச்சுவர் மடிந்து வண்டியைக் கவிழ்க்கும், கெட்டியாக இருந்தால் டயர் பந்து மாதிரி எகிறும். இரண்டு அடுக்கு ஃபோமில் உள்ளே மூடிய அறைகள் கொண்ட கெட்டி வளையம், வெளியே மிருதுவான பஞ்சு. உள் வளையம் பக்கச்சுவரை நிமிர்த்தி வைக்கிறது, வெளிப்பஞ்சு பாறைக்கு வளைந்து கொடுக்கிறது. எடை முன்னால் அதிகம் என்பதால் முன் ஃபோம் பின் ஃபோமைவிட ஒரு படி கெட்டியாக இருப்பது நல்லது.

காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் எந்த ஃபோமும் வேலை செய்யாது. டயரின் நடுப்பட்டையில் எதிரெதிராக 2 துளை போடுங்கள். தண்ணீரில் இறங்கினாலும் அந்த வழியே வடிந்துவிடும். ரிம்மில் மட்டும் துளை இருந்தால் தண்ணீர் உள்ளேயே நின்று ஃபோம் ஊறி, ஒவ்வொரு சக்கரமும் ஒவ்வொரு எடையாகும். பீட்லாக் (டயரின் விளிம்பை ரிம்மோடு இறுக்கும் வளையம்) திருகுகளை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்குங்கள். இல்லையென்றால் வளையம் கோணி டயர் ஆடும்.

சக்கரம் பாறையிடுக்கில் சிக்கும்போது ஸ்டீயரிங் திருப்பினால் வண்டி முழுவதும் ஒரு நொடி செத்து மறுபடி உயிர் பெறுகிறது. ரிசீவர் கோளாறா?

ரிசீவர் மேல் பழி போடாதீர்கள். சர்வோ சிக்கி முக்கும்போது பல ஆம்பியர் இழுக்கும். ஈ.எஸ்.சி.-க்குள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கும் பி.ஈ.சி. (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் சுற்று) 3 ஆம்பியர் அளவுக்குத்தான் தரும் என்றால் வோல்டேஜ் சரிந்து ரிசீவர் அணைந்து எரிகிறது. 25 கிலோ-செ.மீ. சர்வோ போட்ட எல்லோரும் தனி பி.ஈ.சி. ஒன்றும் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது, 10 ஆம்பியர் வகை போதும்.

இணைப்பு இப்படி: பி.ஈ.சி.-யின் உள்ளீடு பேட்டரி வயரில். வெளியீட்டின் சிவப்பும் கறுப்பும் நேராகச் சர்வோவுக்கு. சர்வோவின் சிக்னல் வயரும் ஒரு கறுப்பு வயரும் ரிசீவருக்கு. கறுப்பு இரண்டு பக்கமும் பொதுவாக இல்லாவிட்டால் சர்வோ கன்னாபின்னாவென்று துடிக்கும். ரிசீவருக்கு ஈ.எஸ்.சி.-யின் 6 வோல்ட் போதும். இந்த முறையில் சர்வோவுக்கு 7.4 வோல்ட் வைத்தாலும் ரிசீவருக்கு ஆபத்தில்லை. பி.ஈ.சி.-யை நேராக ரிசீவரில் செருகுவதானால் ஈ.எஸ்.சி. பிளக்கிலிருந்து சிவப்பு வயரைக் கழற்றி டேப் சுற்ற மறக்காதீர்கள்.

சும்மா நிற்கும்போதும் சர்வோ ரீங்காரமிட்டால் அது வேறு விஷயம். ரேடியோவில் எண்ட் பாயிண்ட் (சர்வோ திரும்பும் எல்லை) அதிகம். நக்கிள் தடுப்பில் முட்டுவதற்கு ஒரு இழை முன்பாக நிற்கும்படி இரு பக்கமும் தனித்தனியாகக் குறையுங்கள்.

ஓவர்டிரைவ் எத்தனை சதவீதம் வைக்கலாம்?

முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றுவதுதான் ஓவர்டிரைவ். முன்பக்கம் இழுத்துக்கொண்டே போவதால் திருப்பம் சிறிதாகும், ஏற்றத்தில் மல்லாவதும் குறையும். ஒரு வழி: முன் ஆக்ஸிலில் 30/8 பல் அப்படியே இருக்க, பின் ஆக்ஸிலில் 33/8 போடுவது. 33-ஐ 30-ஆல் வகுத்தால் 1.10, அதாவது 10 சதவீதம். தொடங்குகிறவர்களுக்கு 5-க்கும் 10-க்கும் இடையே போதும். சொரசொரப்பான பாறையில் டயர் நழுவாது என்பதால், வேக வித்தியாசம் முழுவதும் ஷாஃப்ட்டுகளை முறுக்கும். எண் கூடக் கூட டிரைவ்ஷாஃப்ட் பின்னும் பல்லும் சீக்கிரம் தேயும்.

மாட்டிய பிறகு சரிபார்க்க: வண்டியைத் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, பின் சக்கரத்தைக் கையால் 10 சுற்று சுற்றுங்கள். முன் சக்கரம் 11 சுற்ற வேண்டும். 9 சுற்றினால் பல்லை மாற்றி மாட்டிவிட்டீர்கள். நடக்காத காரியம் இல்லை.

த்ராட்டில் கொடுத்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஷாக் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

டார்க் ட்விஸ்ட். டிரைவ்ஷாஃப்ட்டைச் சுழற்றும் விசை அதே அளவில் சேசிஸை எதிர்ப்பக்கம் முறுக்குகிறது. சக்கரங்களைக் கையால் இறுக்கிப் பிடித்து யாரையாவது லேசாக த்ராட்டில் கொடுக்கச் சொன்னால் எந்த மூலை எழுகிறது என்று கண்ணாலேயே தெரியும். அமுங்குகிற பக்கத்துப் பின் ஷாக்கில் ஸ்பிரிங் முன்னழுத்தத்தை 1 அல்லது 2 மி.மீ. கூட்டுங்கள். உடனடி வைத்தியம் அவ்வளவே.

வேரிலேயே சரிசெய்வதென்றால் கியர் குறைப்பை டிரைவ்ஷாஃப்ட்டுக்குப் பின்னால் தள்ள வேண்டும். ஆக்ஸில் விகிதம் 3.75-லிருந்து 4.125 ஆனால் அதே சக்கர விசைக்கு அந்த ஷாஃப்ட்டில் முறுக்கு 9 சதவீதம் குறையும். போர்ட்டல் ஆக்ஸில் வண்டிகள் இதில் நிதானமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்: சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஜோடிப் பல் இருக்கிறது.

என் வண்டி என்ன வேகம் போக வேண்டும்?

வேக நடையளவு போதும். மோட்டாரின் சிறு பல்சக்கரம் பினியன், அது சுற்றும் பெரிய பல்சக்கரம் ஸ்பர். ஸ்பர் 54 பல், பினியன் 12 பல் என்றால் விகிதம் 4.5. அதை டிரான்ஸ்மிஷன் 2.6, ஆக்ஸில் 3.75 ஆகியவற்றால் பெருக்கினால் ஏறக்குறைய 44. மோட்டார் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால் சக்கரம் 273 சுற்று. 106 மி.மீ. டயருக்கு மணிக்கு ஏறக்குறைய 5.5 கி.மீ. வருகிறது. இதற்குமேல் வேகம் கேட்டால் விரலின் நுணுக்கம் போய்விடும். பினியனும் ஸ்பரும் சேரும் இடத்தில் மெல்லிய தாள் ஒன்றை நுழைத்து அழுத்தி, திருகை முறுக்கிய பின் தாளை உருவுங்கள். இடைவெளி சரியாக அமையும்.

இறக்கத்தில் வண்டி நிற்காமல் வழிகிறது.

ஈ.எஸ்.சி.-யில் டிராக் பிரேக் (த்ராட்டிலை விட்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக்) 100 சதவீதமா என்று பாருங்கள். கார் வகை ஈ.எஸ்.சி. என்றால் அந்த வசதி குறைவாக இருக்கும், கிராலர் வகை வாங்குங்கள். கையோடு கையாக, சிக்னல் அறுந்தால் வண்டி நிற்கும்படி ஃபெயில்சேஃபை நியூட்ரலில் வையுங்கள், பேட்டரி அளவுக்கு மீறி வடியாமல் நிறுத்தும் லிப்போ கட்-ஆஃபையும் போடுங்கள். செல்லுக்கு 3.2 வோல்ட் நல்ல அளவு. வீட்டில் வைக்கும்போது செல்லுக்கு 3.8.

சோதனை ஓட்டத்தை எப்படி நடத்துவது? ஒரு நாள் நன்றாக ஏறுகிறது, மறுநாள் ஏறவில்லை.

ஒரே பாறை, ஒரே தடம், ஒரு மாற்றத்துக்கு 10 முயற்சி. நோட்டில் மூன்று எண்: எத்தனை முறை ஏறியது, எத்தனை முறை கவிழ்ந்தது, எத்தனை முறை ரிவர்ஸ் எடுத்தீர்கள். ஃபோமையும் ஷாக் எண்ணெயையும் ஒரே மாலையில் மாற்றினால் எது உதவியது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் ஈரத்துணியால் டயரைத் துடையுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே மாறியது பெரும்பாலும் டயரில் ஒட்டிய தூசிதான். கடைசியில் பழைய அமைப்பையே திருப்பி வைத்து இன்னொரு பத்து ஓட்டுங்கள். முதல் எண் மறுபடி வரவில்லை என்றால் நடுவில் எழுதியது எதையும் நம்ப வேண்டாம்.

ஓடும்போது திருகுகள் கழன்று விழுகின்றன. எல்லாவற்றுக்கும் லாக்டைட் தடவிவிடலாமா?

லாக்டைட் என்பது திருகு கழலாமல் பிடிக்கும் பசை. உலோகத்தில் உலோகம் இறங்கும் இடத்துக்கு மட்டும் நீல வகை, ஒரு சொட்டு. டிரைவ்ஷாஃப்ட் பின், பினியன் திருகு, மோட்டார் திருகு இவற்றுக்குக் கட்டாயம். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுக்குக் கூடாது. அந்தத் திரவம் சில பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும், அதுவும் மாட்டிய அன்றைக்கு இல்லாமல், பாறையில் தொங்கும் நாளில். பழைய பசை ஒட்டிய திருகில் மேலே மேலே தடவாமல், துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். போட்டிக்கு முந்தின இரவு சக்கர நட்டு நான்கையும், டிரைவ்ஷாஃப்ட் பின் நான்கையும் கருவி வைத்துத் தொட்டுப் பாருங்கள். பினியன் திருகு ஷாஃப்ட்டின் தட்டைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளைந்த பக்கத்தில் இருந்தால் எவ்வளவு பசை போட்டாலும் வழுக்கும்.