பிரேக் பிடிச்சா பேட்டரி ஏறுமா? மொரீஷியஸ் இ-பைக் கேள்வி பதில்

கேள்வி (காத்ர் போர்ன்): அண்ணே, பழைய சைக்கிள்ல மோட்டார் மாட்டப்போறேன். எந்த மோட்டார் வாங்குனா பிரேக்ல கரண்ட் திரும்பி வரும்?

டைரக்ட் டிரைவ் ஹப் மோட்டார் தம்பி, அதாவது கியரோ கிளட்சோ இல்லாம சக்கரத்து நடுவுலயே உக்காந்து சக்கரத்தோடவே சுத்தற மோட்டார். கியர் ஹப் மோட்டார் உள்ள ஒரு கிளட்ச் இருக்கும், நீங்க த்ராட்டில விட்டதும் சக்கரம் மட்டும் ஓடும் மோட்டார் நின்னுடும், அப்புறம் கரண்ட் எங்கேருந்து வரும்? பெடல்கிட்ட வர்ற மிட் டிரைவும் பின்சக்கர ஃப்ரீவீலால (மிதிக்காதப்ப சக்கரத்த தனியா ஓட விடறது) அதே கதிதான். டைரக்ட் டிரைவ் வெயிட்டு ஜாஸ்தி, பவர் இல்லாம மிதிச்சா இழுக்கும், தெரிஞ்சே வாங்குங்க. ரீஜென் (பிரேக்ல கரண்ட பேட்டரிக்கு திருப்பி அனுப்பறது) இருக்கற கன்ட்ரோலரா, அதாவது மோட்டாருக்கு கரண்ட கட்டுப்படுத்தற பெட்டியா பாருங்க. டார்க் ஆர்ம் (அச்சு சுத்தாம ஃப்ரேமோட பிடிச்சு வைக்கிற இரும்புப் பட்டை) கட்டாயம், ஓடறப்ப ஒரு பக்கமும் ரீஜென்ல எதிர்ப்பக்கமும் அச்சு திருகி திருகி நட்டு லூசாகும், அச்சு சுத்திக்கிட்டா வயரையும் அறுத்துடும்.

கேள்வி (ரோஸ் ஹில்): முன்சக்கரத்துல டைனமோ வச்சா ஓடறப்பவே சார்ஜ் ஆகுமே?

ஆகாது. அந்த டைனமோவ சுத்தறதே உங்க பேட்டரியும் காலும்தான், போடறதவிட கம்மியாத்தான் திரும்பும்.

கேள்வி (போ பாஸ்ஸேன்): டவுனுக்குள்ள சிக்னல் சிக்னலா நிக்கறேன், எவ்வளவு மிச்சமாகும்?

ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர்னா மொத்த இயக்க ஆற்றலே 0.67 வாட் ஹவர்தான். 36 வோல்ட் 10 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா 360 வாட் ஹவர். முழுசா திரும்பி வந்தாலும் ஒரு தடவைக்கு 0.2 சதவீதம்கூட இல்ல.

கேள்வி (கியூர்பிப்): இறக்கத்துல அப்படி இல்லண்ணே, கியூர்பிப்லேருந்து போர்ட் லூயிஸ் இறங்குனா பாதி பேட்டரி ஏறும்னு சொல்றாங்களே!

யார் சொன்னாலும் நம்பாதீங்க. உயரம் சுமார் 550 மீட்டர், 100 கிலோவுக்கு 150 வாட் ஹவர் வருது, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தூரம் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், சராசரி சரிவு 3 சதவீதத்துக்குள்ள, 25ல போனா காத்தும் டயருமே அதுல பெரும்பங்க தின்னுடும். நீங்க பிரேக் தொடற செங்குத்தான இடத்துலதான் ஏதாவது தேறும்.

அவரே: மெதுவா போனா?

நல்ல கேள்வி. 15ல இறங்குனா காத்துத் தடை மூணுல ஒரு பங்குக்கு வந்துடும், மிச்சம் கூடும். ஆனா பின்னால பஸ் ஹாரன் அடிக்கும்போது யார் 15ல போவாங்க? ரீஜெனுக்கு ஏத்த ரோடு ஷாமரேல்லேருந்து கேஸ் நோயாலுக்கு இறங்கறது, அங்க எப்படியும் பிரேக் பிடிச்சே ஆகணும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, மேட்டுல இருந்து கிளம்பறப்ப பேட்டரி ஃபுல்லா இருக்கக்கூடாது. ஃபுல்லானா பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ள இருக்கற பாதுகாப்பு சர்க்யூட்) சார்ஜ கட் பண்ணும், ரீஜென் பிரேக் பட்டுன்னு இல்லாம போயிடும், அந்த நேரம் வோல்டேஜ் எகிறி கன்ட்ரோலரும் போகலாம். மேட்டுல வீடு இருக்கறவங்க 85 சதவீதத்தோட நிறுத்துங்க.

கேள்வி (வாக்குவா): பின்சக்கரத்துல டைனமோ வச்சா?

மேல ரோஸ் ஹில்காரருக்கு சொன்னதேதான். எந்த சக்கரத்துல வச்சாலும் பதில் மாறாது.

கேள்வி (மெய்பூர்): லைசென்ஸ் வேணுமா?

போக்குவரத்து ஆபீஸ்ல கேளுங்க, அது என் வேலை இல்ல.

கேள்வி (கியூர்பிப்): ரீஜென் இருக்குல்ல, பின்பிரேக்க கழட்டிடலாமா?

கழட்டாதீங்க! வேகம் குறையக் குறைய ரீஜென் பலம் போயிடும், முழுசா நிறுத்தறது பிரேக் கட்டைதான். உங்க ஊர் மழைக்கு டிஸ்க் போடுங்க. நீங்க மேட்டு ஊர்க்காரர், ராத்திரி ஃபுல் சார்ஜ் பண்ற பழக்கம் இருந்தா அத மொதல்ல விடுங்க.