சாகசப் பந்தயத்துக்கு விமானத்தில் போகிறேன், எடை மிஞ்சுகிறது. என்ன செய்யலாம்?

நியூசிலாந்துப் பந்தயத்துக்கு சைக்கிள், கயிறு, கூடாரம் எல்லாம் சேர்த்தால் எடை எகிறுகிறது என்கிறீர்கள். பல விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோதான். 32 கிலோவைத் தாண்டினால் பணம் கட்டினாலும் பொதுவாக ஏற்றமாட்டார்கள்; தூக்குகிற ஊழியர்களின் முதுகைக் காக்க வைத்த வரம்பு அது, நியாயமானதும்கூட. இரண்டு பெட்டியாகப் பிரித்துவிடுங்கள். கனமான ஷூவைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள். ஹெட்லைட்டின் உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வரவேண்டும். அடுப்புக்கான கேஸ் குப்பி எந்தப் பையிலும் கூடாது, அங்கே போய் வாங்குங்கள்.

அப்புறம், எடையைவிட முக்கியமானது மண். ஷூவின் அடிப்பள்ளம், டயர் இடுக்கு, கூடார முளை எல்லாவற்றையும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, நுழைவுப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். மண்ணோடு வெளிநாட்டு விதை, பூச்சி, நோய்க்கிருமி உள்ளே வராமல் தடுக்கிற அந்நாட்டு உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் இதில் ரொம்பக் கண்டிப்பு.