தங்க ரேக் போட்டோவில் ஏன் கறுத்து விழுகிறது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். 18-க்கு 24 அங்குலத்தில் தஞ்சாவூர் ஓவியங்கள் செய்கிறேன். கண்காட்சி விண்ணப்பத்துக்காகப் போனில் படம் எடுத்தால் தங்கம் கறுப்பாகத் தெரிகிறது. ஸ்கேன் செய்து தர ஒருவர் ஒரு படத்துக்கு 1,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மக்குப் பசையால் எழுப்பிய மேடும் பதித்த கற்களும் இருக்கிற படம் ஸ்கேனர் கண்ணாடியில் படியவே படியாது. மேடு தவிர மற்ற இடம் மங்கும், கல் கீறும், தங்கம் அங்கேயும் கறுக்கும்.

ரேக் என்கிற மெல்லிய தங்கத் தகடு முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சமம். எதிரே இருப்பதைத்தான் காட்டும். இருட்டு ஹாலைப் பார்த்து நின்றால் இருட்டுதான் விழும். வார்னிஷ் அடித்த எண்ணெய் ஓவியத்துக்குக் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டுவார்கள். உங்களுக்கு அது தலைகீழ்: வெள்ளை வேட்டி இரண்டைக் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, நடு இடுக்கு வழியே லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கட்டும். துணி ஓவியத்தைப்போல் நீள அகலத்தில் இரு மடங்காவது வேண்டும்; உங்கள் அளவுக்கு 36-க்கு 48 அங்குலம். மக்கு மேடு பக்கவாட்டையும் காட்டும் என்பதால் கூடுதலாக இருந்தால் நல்லது. ஆனால் சுற்றிலும் அடைத்துவிட்டால் தங்கம் மஞ்சள் பெயின்ட் மாதிரி தட்டையாகிவிடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு முழம் திறந்தே இருக்கட்டும்.

வெயில் நேராக விழாத ஜன்னல் போதும். ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரில் ஓவியத்தை மாட்டுங்கள். வெளிச்சம் சாய்வாக வந்தால்தான் மக்கு எழும்பித் தெரியும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறம் கெடும். ஃபிரேம் கண்ணாடி போடுமுன் எடுங்கள்.

போன் ஸ்டாண்டில், ஐந்தடி தள்ளி, 1எக்ஸ் லென்ஸில், மூன்று விநாடி டைமரில். கோணல் வராமலிருக்க, ஓவியத்தின் நடுவில் சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைத் தட்டையாக வைத்துப் பாருங்கள். திரையின் மையத்தில் உங்கள் லென்ஸே தெரிந்தால் நேராக இருக்கிறது. போன் திரையில் சாமியின் முகத்தில் விரலை வைத்து வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள்.

“300 டிபிஐ, 2 எம்பிக்குள்” என்று படிவத்தில் போடுகிறவர்கள் எத்தனை பிக்சல் என்று எழுதவே மாட்டார்கள். டிபிஐ என்பது அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு; அளவு சொல்லாவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. ஆண்டுக்கணக்காக இதையே நகலெடுத்து ஒட்டுகிறார்கள். சாதாரண 12 மெகாபிக்சல் போன் படம் 4000-க்கு 3000 பிக்சல். 300 டிபிஐயில் 13-க்கு 10 அங்குலம் அச்சடிக்கலாம். நீளப்பக்கம் 3000 பிக்சலாகச் சுருக்கினால் பெரும்பாலும் 2 எம்பிக்குள் அடங்கும். வாட்ஸ்ஆப்பில் அனுப்ப நேர்ந்தால் டாகுமென்டாக அனுப்புங்கள்.

அந்த 1,500 ரூபாய்க்காரர் விஷயத்தில் இன்னொன்று. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமை கொடுத்தவருக்கே, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால் (பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17). இந்த “இல்லாவிட்டால்”தான் தூண்டில் முள். ரசீதுக்குப் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டால், உங்கள் கிருஷ்ணர் எங்கோ காலண்டரில் தொங்குவார்.