நான்கு கதவு ஹெரால்ட்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்யும் கார் மாடல் கிட்டுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஆசைப்பட்டு, 1/32 அளவில் ஒரு பழைய டிரையம்ஃப் ஹெரால்ட் கிட் வாங்கினேன். என் அப்பா எங்கள் ஊர் டாக்டர் ஒருவரிடம் பன்னிரண்டு வருடம் டிரைவராக இருந்தார். அவர் ஓட்டியது பால்வெள்ளை நிற ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அப்பா இப்போது இல்லை. அவர் அந்தக் காரின் பக்கத்தில் நிற்கும் ஒரே ஒரு போட்டோ இருக்கிறது, இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஐப்பசியில் அடை மழைக்கு நடுவே ஸ்பிரே கேனில் பெயின்ட் அடித்தேன். காய்ந்ததும் கூரை முழுக்கச் சாம்பல் பூசினது போல வெளுத்துவிட்டது. ஜன்னல்களை ஃபெவிகுவிக்கில் ஒட்டினேன், அவையும் பனி மூடினது போல ஆகிவிட்டன. இதைவிடப் பெரிய சிக்கல், கிட்டில் இரண்டு கதவு. அப்பா ஓட்டிய காரில் நான்கு. பெட்டியில் இருப்பது போலவே செய்வதா, மாற்றுவதா? சேறு, தூசி எல்லாம் காட்டலாமா? “நாற்பத்தைந்து வயசில் பொம்மை கார் எதற்கு?” என்று மச்சான் கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

ஒரு வாசகர், மயிலாடுதுறை

---

அன்புள்ள நண்பருக்கு,

போட்டோவை முதலில் பார்த்தேன், கடிதத்தை அப்புறம்தான் படித்தேன். மாற்றுங்கள். நான்கு கதவாகவே செய்யுங்கள்.

உங்கள் கிட் தப்பில்லை. அது இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்ட், இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த இரண்டு கதவு கார். அதைத்தான் 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் நம் ஊருக்காகச் செய்தது. பின்னாளில் குடும்பத்தோடு போகிறவர்களுக்காக நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்து ஹெரால்டுக்கு நான்கு கதவே கிடையாது. அப்பா ஓட்டியது நம் மண்ணில் மட்டும் ஓடிய உருவம். அதைப் பெட்டியில் போட்டு யாரும் விற்கமாட்டார்கள், கையால்தான் செய்ய வேண்டும்.

கத்தியை எடுக்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெரால்டின் உடம்பில் ஓடும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஹெரால்டைச் செய்த கம்பெனிக்கு பாடி அழுத்திக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிக்கொண்டது. முழு பாடியை ஒரே துண்டாக அழுத்தித்தர வெளியே ஆள் இல்லாமல் போனதால், தனி சேஸிஸ் போட்டு, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் வைத்து முடுக்கினார்கள். முன் மூக்கு மொத்தமும், மட்கார்டு, ஹெட்லைட் சகிதம், ஒரே பானெட்டாக முன்பக்கம் சாய்ந்து திறப்பதும் இந்த ஏற்பாட்டில் வந்ததுதான். ஆகவே பானெட்டுக்கும் முன்கதவுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை இறங்கும் இடைவெளி நிஜக் காரிலேயே பளிச்சென்று தெரியும். கிட்டில் அது அகலமாக இருக்கிறதே என்று பட்டி வைத்து அடைத்துவிடாதீர்கள். கதவுக் கோடுகள் வேறு விஷயம். நிஜத்தில் 4 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 1/32-இல் அது 0.125 மில்லிமீட்டர். அங்கே கோடு மயிரிழையாக இருக்க வேண்டும். டீட்டெய்லிங் என்றதும் பலர் எல்லாக் கோட்டையும் ஒரே ஆழத்தில் கீறி, எல்லாவற்றிலும் கறுப்பு மையை ஓடவிடுகிறார்கள். கார் கார்ட்டூன் படம் மாதிரி ஆகிவிடுகிறது. வெள்ளைக் காருக்குக் கறுப்பு வேண்டாம், நீர்த்த சாம்பல் நிறம் போதும்.

இனி கதவு. உங்களிடம் அளவுகள் இல்லை, போட்டோ இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுவாமிமலை ஸ்தபதிகள் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துத்தான் முகம், மார்பு, முழங்கால் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். சிலை ஒரு சாணோ ஓர் ஆளோ, ஓலை மாறும், மடிப்பு மாறாது. நீங்களும் அதையே செய்யுங்கள். போட்டோவில் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை ஒரு காகிதப் பட்டை நறுக்கி, பதினாறாக மடியுங்கள். கிட்டின் சக்கர இடைவெளிக்கு இன்னொரு பட்டை நறுக்கி அதையும் பதினாறாக மடியுங்கள். ஹெரால்டின் சக்கர இடைவெளி 91.5 அங்குலம், 1/32-இல் 72.6 மில்லிமீட்டர் வர வேண்டும். கிட் அதற்கு ஒத்துவருகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு கதவு எத்தனையாவது மடிப்பில் விழுகிறதோ அதை அப்படியே மாற்றிக் குறிக்கலாம். கார் கொஞ்சம் கோணலாக நிற்கும் போட்டோ என்பதால் பின்பாதி மடிப்புகள் சற்றுச் சுருங்கித் தெரியும், அதைக் கண்ணால் சரிசெய்துகொள்ளுங்கள்.

நடுத்தூண் தெரியவில்லையே, அப்பா மறைத்துக்கொண்டு நிற்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். பெரிதாக்கிப் பாருங்கள். அவருடைய வலது முழங்கைக்கு ஒட்டினாற்போல் முன்கதவின் கைப்பிடி மின்னுகிறது. கைப்பிடி கதவின் பின் விளிம்பில்தான் இருக்கும். ஆகவே தூண் அவர் முழங்கைக்கு நேர் பின்னால் நிற்கிறது. என் கணக்கில் ஏழாவது மடிப்பு தாண்டி. நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

பழைய கதவுக் கோட்டை அடைக்கப் பட்டி வேண்டாம். அது காய்ந்து உள்வாங்கும், ஆறு மாதம் கழித்துப் பெயின்டின் அடியில் பழைய கோடு தெரியும். கிட்டின் ஸ்ப்ரூ குச்சியை, அதாவது பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் ஒரு துண்டை, அகல் விளக்குச் சுடருக்குச் சற்று மேலே உருட்டிச் சூடாக்குங்கள். பளபளவென்று தளர்ந்ததும் சுடரைவிட்டு எடுத்து, இரண்டு பக்கமும் நிதானமாக இழுத்தால் நூலாக வரும். அந்த நூலைக் கோட்டுக்குள் படியவைத்து பிளாஸ்டிக் சிமென்ட் தடவுங்கள். அதே பிளாஸ்டிக் என்பதால் உருகி ஒன்றாகிவிடும். இரண்டு நாள் விட்டு 400, 600, 1000 என்று வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிட்டு, புதுக் கோட்டைத் தையல் ஊசியால் கீறுங்கள். அழுத்தாமல் பத்துத் தடவை. ஒரே இழுப்பில் கீறினால் ஊசி தடம் மாறி ஓடிவிடும்.

பெயின்ட் வெளுத்தது மழையால்தான். தின்னர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் பனித்துளியாகப் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் ஸ்பிரே அடிக்காதீர்கள். அந்த இரண்டு மாதமும் இன்ஜின், சீட், டேஷ்போர்டு என்று தூரிகை வேலையைப் பாருங்கள். மார்கழிப் பனியும் கழியட்டும். மாசியில், முற்பகல் பதினொன்றுக்கு மேல், கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று வைத்திருந்துவிட்டு அடித்தால் கண்ணாடி போல வரும். இப்போது வெளுத்திருப்பதைக் காப்பாற்ற, மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை அதே பெயின்டில் மிகக் கொஞ்சம் கலந்து, வறண்ட நாளில் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் டிங்கரிங் பட்டறையில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை மட்டும் வெறும் பிளாஸ்டிக்கில் காட்டிவிடாதீர்கள். என் முதல் காரின் கூரை அப்படித்தான் என் கண்ணெதிரே ஆடை கட்டின பால் மாதிரி சுருங்கியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது. பிரைமர் முழுதாக மூடின பிறகு, தூறலாகத் தூவி அடுக்கடுக்காக ஏற்றினால்தான் பிளாஸ்டிக் தப்பிக்கும்.

ஜன்னலுக்கு ஃபெவிகுவிக் ஆகாது, அதன் ஆவியே கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். சாதாரண ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது. மங்கினதை 2000 வாட்டர் பேப்பரில் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் துடைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இன்ஜினைக் காட்டப் போகிறீர்கள் என்றால் பிளக் ஒயர் போடுங்கள். நிஜ ஒயர் 7 மில்லிமீட்டர், உங்களுக்கு வேண்டியது 0.22. பம்ப்செட் மோட்டார் வைண்டிங் கட்டும் கடையில் 34 கேஜ் செப்புக் கம்பி ஒரு முழம் கேளுங்கள், கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து நாலு பிளக்குக்கு நாலு, நடுவிலிருந்து காயிலுக்கு ஒன்று. ஐந்தே கம்பியில் அந்த இன்ஜினுக்கு உயிர் வந்துவிடும்.

சேறு காட்டுங்கள், கட்டாயம் காட்டுங்கள். ஆனால் யூடியூப் பார்த்துச் செங்காவி நிறம் பூசாதீர்கள். நம் வண்டல் களிமண் காய்ந்தால் சாம்பல் பூத்துத்தான் இருக்கும். வாய்க்கால் கரையில் வெடித்துக் கிடக்கும் களிமண் பொருக்கையே எடுத்து, அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, ஸ்பிரிட்டில் குழைத்துச் சக்கர வளைவுகளுக்குள் தடவுங்கள். மணல் கலக்கக் கூடாது. 0.1 மில்லிமீட்டர் மணல் துகள்கூட இந்த அளவில் 3 மில்லிமீட்டர் கல்லாகத் தெரியும். டாக்டர் வீட்டுக் கார், அப்பா தினமும் துடைத்திருப்பார். ஆகவே மேல் பாடி சுத்தமாக இருக்கட்டும், அடியில் மட்டும் ஊர் தெரியட்டும். அறுவடைக் காலத்தில் ரோட்டில் கதிரையும் உளுந்தஞ்செடியையும் பரப்பி, போகிற வண்டிகளே மிதித்துக் கொடுக்கும்படி விடுவார்கள் அல்லவா, அதன் மேல் ஓடாத மாயவரத்துக் கார் இருந்திருக்க முடியாது. பின் அச்சில் நாலைந்து இழை வைக்கோல் சுற்றியிருந்தால் அது அப்பட்டமான உண்மை.

பின்சக்கரங்களையும் செங்குத்தாக ஒட்டிவிடாதீர்கள். ஹெரால்டின் பின் அச்சு இரண்டு பாதியாக ஆடும் வகை. ஆள் ஏறினால் பின்சக்கரங்களின் கால் அகன்று நிற்கும். போட்டோவில் அப்படித்தான் நிற்கிறது. உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் எடுத்த படம் அது.

மச்சானுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். முடித்த காரை அந்தப் போட்டோவுக்குப் பக்கத்தில் வையுங்கள், அவரே கிட்டே வந்து பார்ப்பார்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். போட்டோவில் முன் கண்ணாடிக்குப் பின்னால், ரியர்வியூ மிரருக்குக் கீழே வெள்ளையாக ஏதோ தொங்குகிறது. பூச்சரமா, துடைக்கும் துணியா, டாக்டரின் அடையாளச் சீட்டா, எனக்குப் புலப்படவில்லை. அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அது தெரியும்வரை கூரையை ஒட்டாதீர்கள்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து